லாம்பெத்தில் ஒளிந்திருக்கும் ஆட்டுக்குட்டி

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் லாம்பெத் என்றொரு பகுதி இருக்கிறது. உள்ளங்கையைத் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லுங்கள், குழந்தைகளே. லாம்-பெத். தாடை இரண்டு முறை இறங்கியதா? உயிரொலிக்கு வாய் திறக்கும், மெய்யொலிக்குக் குறுகும். ஒவ்வொரு திறப்பும் ஓர் அசை. (செய்யுளில் வரும் நேரசை, நிரையசை வேறு, அவற்றோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

இனி அதே பெயரைப் பொருளுக்காகப் பிரிப்போம். பழைய ஆங்கிலத்தில் 'லாம்ப்' என்றால் ஆட்டுக்குட்டி, 'ஹைத்' என்றால் படகுத்துறை. ஆட்டுக்குட்டிகளை ஏற்றி இறக்கிய துறை அது! 1062ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இந்தப் பெயர் இருக்கிறது.

கவனித்தீர்களா? பொருளுக்காக வெட்டினால் 'ப்' ஆட்டுக்குட்டியோடு போகிறது. ஒலிக்காக வெட்டினால் அடுத்த அசைக்குத் தாவிவிடுகிறது. அந்தத் தாவல்தான் அதைக் காப்பாற்றியது. இன்றைய ஆங்கிலத்தில் ஆட்டுக்குட்டியை 'லாம்' என்றுதான் சொல்கிறார்கள். கடைசி எழுத்தை எழுதுவார்கள், ஒலிக்கமாட்டார்கள். 'ம்' சொல்லும்போதே உதடுகள் மூடிவிடுகின்றன. அதே உதடுகளில் பிறக்கும் 'ப்' சொல்லின் கடைசியில் தேய்ந்து மறைந்தது. லாம்பெத்தில் அதற்குப் பின்னால் ஓர் உயிரொலி நிற்பதால் உதடுகள் திறந்தே ஆகவேண்டும். 'ப்' பிழைத்துக்கொண்டது. ஒரு சொல்லுக்குள் இவ்வளவு நடந்திருப்பது எனக்குப் பெரிய அதிசயமாகத் தெரிகிறது.

எல்லா ஒலிக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. வட லண்டனில் உள்ள டாட்டன்ஹாம் என்ற பெயருக்கு, டாட்டா என்பவரின் குடியிருப்பு என்று பொருள் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் ஓர் அசையை அழுத்திச் சொன்னால் பக்கத்து அசைகள் சுருங்கும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் வாயில் அது 'டாட்னம்'. எழுத்தில் மூன்று அசை, பேச்சில் இரண்டே.

பொருளும் ஒலியும் வெவ்வேறு இடத்தில் பிரிவது தமிழிலும் உண்டு. 'படித்தான்' என்பதை ஒலியால் ப-டித்-தான் என்று பிரிக்கலாம். இலக்கண வகுப்பில் படி+த்+த்+ஆன் என்று உறுப்புகளாகப் பிரிப்பீர்கள். சென்னையிலுள்ள நுங்கம்பாக்கத்தின் பெயரில் 'பாக்கம்' என்றால் ஊர். நாக்கு அதை பாக்-கம் என்று இரண்டாக்கிவிடுகிறது.

நீளமான ஆங்கிலச் சொல் வந்தால் மிரளாதீர்கள். உச்சரிக்கத் தாடையால் பிரியுங்கள், பொருள் அறிய உறுப்புகளாகப் பிரியுங்கள். லண்டன் சுரங்க ரயிலின் பெயரான 'அண்டர்கிரவுண்ட்' என்பதில் அசை எத்தனை, உறுப்பு எத்தனை? கண்டுபிடித்துவிட்டு, உங்கள் ஊர்ப்பெயரையும் இரண்டு விதமாகப் பிரித்து எழுதிப் பாருங்கள்.