கைக்கு எட்டாத போல்ட்

நம் சங்க நிகழ்ச்சிகளில் என்னைப் பார்க்கும் அன்பர்கள், கையிலிருக்கும் காபி ஆறுவதற்குள் தங்கள் காரைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்காமல் விடுவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தில்லியில் வாகனப் பணிமனையில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கும் அதில் சந்தோஷம்தான். போன மாதம் ஒரு மாமி கேட்டார்: "ஸ்டார்ட்டர் மோட்டாரை ரிப்பேர் பண்ணி மாட்டிக் கொடுத்தான். அதிலேர்ந்து வண்டியைக் கிளப்பினா கரகரன்னு சத்தம் வரதே, ஏன்?" போய்க் குனிந்து பார்த்தேன். இரண்டு போல்ட் இருக்கவேண்டிய இடத்தில் கீழே ஒன்றுதான் இருந்தது. மேல் ஓட்டை காலி.

இதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஸ்டார்ட்டரின் மேல் போல்ட் பல கார்களில் கைக்கு எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. எட்டுகிற போல்ட்டை எந்த மெக்கானிக்கும் விடுவதில்லை. விடுபடுவது எப்போதும் எட்டாததுதான். காரை வாங்கிக்கொண்டு வரும் நாமும் அதைப் பார்க்கப்போவதில்லை. அதனால், காரைத் தானே கழற்றிப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கும், கழற்றுகிறவரின் பக்கத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஸ்டார்ட்டர் ஒரே போல்ட்டில் தொங்கினால் மோட்டார் சற்றுச் சாயும். அதன் சிறிய பல்சக்கரம் ஃப்ளைவீலின் பல்லில் நேராகப் பதியாமல் உரசித் தேயும். இது பணச் செலவு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு நட் விடுபட்டால் விஷயமே வேறு. என்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாயின் தலைப்பு அது. வரிசையாகச் சில நட்டுகள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஓரத்து நட் எட்டவில்லை என்று இறுக்காமல் விட்டால், அந்த இடத்தில் கேஸ்கெட் தீய்ந்து புகை கசியத் தொடங்கும். காலையில் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டு, சூடானதும் குறைந்தால் இதைச் சந்தேகிக்கலாம். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. காருக்குள் வரும் காற்றோ பெரும்பாலும் பானெட்டின் பின்விளிம்பை ஒட்டித்தான் இழுக்கப்படுகிறது. ஜனவரிக் குளிரில் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டுக் குழந்தைகளோடு போகிறவர்கள், ஒரு நட்தானே என்று இதை நினைத்துவிடக் கூடாது.

பழைய அம்பாசடரில் இந்தத் தொல்லை குறைவு. என்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமும் கையென்ன, தோள் வரைக்கும் விடலாம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு வேறு உலகம் திறந்தது. என்ஜின் குறுக்குவாக்கில், அதன் பக்கத்திலேயே கியர்பாக்ஸ், ஓட்டம் முன்சக்கரத்துக்கு. 1959-இல் இங்கிலாந்தில் அலெக் இஸிகோனிஸ் மினி காரில் என்ஜினைக் குறுக்கே வைத்துக் காட்டிய பிறகு உலகமெங்கும் சின்னக் கார்கள் இந்த வழிக்கு வந்தன. உள்ளே நான்கு பேர் தாராளமாக உட்கார இடம் கிடைத்தது. அந்த இடம் மெக்கானிக்கின் கையிலிருந்து எடுக்கப்பட்டது! பிறகு ஏ.சி., பவர் ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, இருந்த இடுக்கும் அடைபட்டது. (மாருதி ஆம்னி தனி ரகம். என்ஜின் முன்சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கினால்தான் ஸ்பார்க் பிளக்கே தெரியும்.)

கருவிகளின் பெயரை இங்கே இந்தியில் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஸ்பேனர் என்பது 'பானா'. சாக்கெட்டைக் 'கோட்டி' என்பார்கள். நாம் 'மரை' என்பதை அவர்கள் 'சூடி' என்பார்கள், வளையலுக்கும் அதே சொல்தான். "சூடி மர் கயீ" என்று மெக்கானிக் சொன்னால், மரை தேய்ந்துவிட்டது, செலவு வரப்போகிறது என்று பொருள்.

இனி விஷயத்துக்கு வருவோம். எட்டாத போல்ட்டுக்கு வேண்டியது பலம் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியது திருப்ப இடம். போல்ட்டின் தலை ஆறு பட்டை. ஒரு பட்டை இருந்த இடத்துக்கு அடுத்த பட்டை வர 60 டிகிரி திரும்பவேண்டும். ஸ்பேனரை அந்த அளவு ஆட்ட இடமில்லையென்றால் என்ன செய்வது? ஓப்பன் ஸ்பேனரை எடுத்து உற்றுப் பாருங்கள். அதன் வாய் நேராக இல்லாமல் 15 டிகிரி சாய்ந்திருக்கும். தயாரித்தவர் கை கோணியதால் அல்ல. 30 டிகிரி திருப்பிவிட்டு, ஸ்பேனரைக் குப்புறப் புரட்டிப் போட்டால், அதே இடத்தில் மறுபடி பட்டையைக் கவ்வும். இன்னொரு 30 திருப்பலாம். இந்தப் புரட்டல் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஸ்பேனர் பிடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு மூலை உள்ள ரிங் ஸ்பேனருக்கும் 30 டிகிரி போதும். ராட்செட்டில் 72 பல் இருந்தால் 5 டிகிரி அசைவே போதும். ஆனால் இறுகிக் கிடக்கும் போல்ட்டை முதலில் அசைக்க ராட்செட் வேண்டாம். ரிங் ஸ்பேனரோ ஆறு மூலைச் சாக்கெட்டோதான் சரி. ஓப்பன் ஸ்பேனரால் முரட்டுத்தனமாக இழுத்தால் பட்டை வழுக்கி மூலை தேய்ந்துவிடும். பிறகு எந்தக் கருவியும் பிடிக்காது.

கஷ்மீரி கேட் கடைகளில் சாக்கெட் பெட்டி கேட்டால் பெரும்பாலும் 1/2 அங்குலச் சதுரம் உள்ளதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். உறுதியானதுதான், ஆனால் இடுக்கில் நுழையாது. வீட்டு உபயோகத்துக்கு 3/8 அங்குலப் பெட்டி வாங்குங்கள். ஜப்பானிய வழி வந்த கார்களில் 10, 12, 14, 17 மி.மீ. சாக்கெட்டுகள் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். ஐரோப்பிய வழி வந்தவற்றில் 12-க்குப் பதில் 13 நிறைய வரும். பெட்டியோடு குட்டையும் நீளமுமாக இரண்டு மூன்று எக்ஸ்டென்ஷன் கம்பிகளும், ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட்டும் அவசியம்.

எக்ஸ்டென்ஷனின் சூட்சுமம் இதுதான்: கையைப் போல்ட் இருக்கும் இடத்துக்குக் கொண்டு போகாதீர்கள், போல்ட்டின் திருப்பத்தைக் கைக்கு வசதியான இடத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒன்றோடொன்று மாட்டி இரண்டடி நீளமானாலும் பரவாயில்லை. வெளிச்சமுள்ள இடத்தில் கைப்பிடி வந்தால் போதும். நேரே போக வழியில்லையென்றால் நடுவில் யுனிவர்சல் ஜாயிண்ட். அது சும்மா தொங்கித் தலையாட்டும். மேலே இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினால் விறைப்பாக நின்று சொன்னபடி கேட்கும். 30 டிகிரிக்கு மேல் மடித்தால் முரண்டு பிடிக்கும், சாக்கெட்டும் நழுவும்.

அதற்கும் முன்னால் செய்யவேண்டியது, வழியை அடைத்திருப்பவற்றைக் கழற்றுவது. இதைச் செய்யத்தான் மனம் வராது. ஏர் ஃபில்டர் பெட்டி, பேட்டரி, அதன் தட்டு என்று கால் மணி நேரம் செலவழித்துக் கழற்றினால் இரண்டு மணி நேரப் போராட்டம் மிச்சமாகும். குறுக்கு என்ஜினில் பெல்ட் பக்கத்து வேலைக்கு முன்சக்கரத்தையும் உள் மட்கார்டையும் எடுத்துவிட்டால், மேலிருந்து தெரியாததெல்லாம் பக்கவாட்டில் தெரியும். சில வண்டிகளில் என்ஜின் மவுண்ட் ஒன்றைக் கழற்றி, சம்ப்புக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் ஓர் அங்குலம் தூக்கினால் போல்ட் வெளியே வர இடம் கிடைக்கும். "என்ஜினையே இறக்கணும் சாப்" என்று யாராவது சொன்னால், "எந்தப் போல்ட்டுக்காக? காட்டுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். சில சமயம் உண்மையாகவே இறக்கத்தான் வேண்டும். ஆனால் கேட்ட பிறகு யோசிக்கிறவர்களே அதிகம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் பக்கம் கை வைக்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். அங்கே வரும் தடித்த ஒயரில் எப்போதும் மின்சாரம் உண்டு. ஸ்பேனர் ஒரு நுனியில் அதையும் மறு நுனியில் பாடியையும் தொட்டால் பழுத்துவிடும். இன்னொன்று, ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் யாரும் போகக் கூடாது. ஸ்டாண்ட் கட்டாயம்.

மறைவில் இருக்கும் போல்ட்டைப் பார்க்க அந்நாளில் சின்னக் கண்ணாடி வைத்திருந்தோம். இப்போது செல்போனை உள்ளே நீட்டிப் படம் எடுத்துவிடலாம். கண்ணாடியில் பார்ப்பவர்களுக்குத் திரும்பும் திசை மாறித் தெரியும், கவனம். போல்ட்டின் தலை நம்மைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அப்படியே. கழற்றுவதாக நினைத்து இறுக்கி முறித்தவர்கள் உண்டு. நீங்களே அந்தத் தலைக்கு எதிரே நிற்பதாக மனத்தில் நினைத்து, இடப்பக்கம் திருப்பினால் கழலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். துருப் பிடித்ததென்றால் முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவையுங்கள்.

கழற்றுவதைவிட மாட்டுவதுதான் கடினம். சாக்கெட்டுக்குள் கொஞ்சம் கிரீஸ் தடவினால் நட் கீழே விழாமல் ஒட்டிக்கொண்டு போகும். மரையை எப்போதும் விரலால்தான் தொடங்கவேண்டும். மூன்று சுற்று லேசாகப் போன பிறகே ராட்செட். விரல் எட்டாத ஸ்பார்க் பிளக்குக்கு ஓரடி ரப்பர் குழாயை அதன் தலையில் செருகித் திருப்புங்கள். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிச் சுற்றும், மரைக்குச் சேதம் வராது. ஸ்பேனருக்கு அந்த இரக்கம் கிடையாது. அலுமினியத்தில் இரும்பைக் கோணலாக முறுக்கினால் அலுமினியம்தான் தோற்கும். 6 மி.மீ. மரை உள்ள போல்ட் ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டரில் இறுகிவிடும். அது மணிக்கட்டு பலம்தான், தோள்பலம் அல்ல. டார்க் ரெஞ்சில் நேரான எக்ஸ்டென்ஷன் மாட்டினால் கணக்கு மாறாது. யுனிவர்சல் ஜாயிண்ட் மாட்டினால் அளவை நம்பமுடியாது.

கழற்றிய போல்ட்டுகளை ஓர் அட்டையில் என்ஜினின் படம் போட்டு அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். மெக்கானிக்கிடம் விட்டாலும் வேலை முடிந்ததும் தட்டில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். "அது எக்ஸ்ட்ரா சார்" என்பார். கார் செய்கிறவர் எக்ஸ்ட்ரா போல்ட் வைத்து அனுப்புவதில்லை.

மரையே போய்விட்டது என்றால், ஓட்டையைப் பெரிதாக்கிப் பெரிய போல்ட்டை அடித்து ஏற்றவோ, பசை போட்டு ஒட்டவோ சம்மதிக்காதீர்கள். 'ஹெலிகாயில்' போடச் சொல்லுங்கள். ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, எஃகுக் கம்பிச் சுருளை அதில் இறக்கிவிடுவார்கள். பழைய அளவுப் போல்ட்டே அதில் ஏறும். அந்த எஃகுச் சுருள் அலுமினிய மரையைவிட உறுதியாக நிற்கும்.