மாநகராட்சியின் பருவநிலைத் திட்டமும் நமது சரக்கும்

பருவநிலை மாற்றம் என்றதும், அது மேடையில் பேசும் சங்கதி என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். 2015 டிசம்பர் முதல் இரு நாட்களில், 24 மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. குடோனில் தரையோடு அடுக்கிய அரிசி மூட்டை என்ன ஆகும் என்பதைச் சென்னை மளிகைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடி வரிசை நனைந்தால் மேல் வரிசையும் ஈரம் ஏறிப் புழுங்கிப்போகும். கொள்முதல் செய்த இடத்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி மட்டும் நனைவதில்லை!

நான்காம் ஆண்டு, 2019 கோடையில், நிலைமை தலைகீழ். ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. தண்ணீரின்றி உணவு விடுதிகள் சமையலைக் குறைத்தால், அவற்றுக்குச் சரக்குப் போடும் நம் விற்பனை குறையாமல் இருக்குமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மறுபடியும் வெள்ளம்.

வெள்ளமும் வறட்சியும் ஒரே ஊரில் எப்படி? காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். தாங்கியதைச் சில மணி நேரத்தில் கொட்டியும் விடுகிறது. கீழே தரையெல்லாம் சிமெண்ட். பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலங்கள் சுருங்கிவிட்டன. கொட்டிய நீர் நிலத்தில் இறங்குவதில்லை. ஆகவே மழையில் கடைக்குள் தண்ணீர், கோடையில் குழாயில் காற்று.

இதற்கெல்லாம் சேர்த்துத்தான் சென்னை மாநகராட்சி 2023-இல் பருவநிலைச் செயல் திட்டம் வெளியிட்டது. 2050-க்குள் கரியமில வாயுச் சமநிலையை எட்டுவது அதன் இலக்கு. நமது கவலை இங்கேதான். திட்டத்தின் ஆயுள் 2050 வரை. மன்றத்தின் ஆயுளோ ஐந்தாண்டு. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. கடை கைமாறினாலும் பேரேட்டில் உள்ள பாக்கி அடுத்தவர் தலையில்தான் ஏறும். அதுபோல, யார் மேயராக வந்தாலும் இத்திட்டம் வரவு செலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் தொகையோடு இடம்பெற வேண்டும்.

இதைக் கேட்க நமக்குத் தகுதி உண்டா? உண்டு. 2019 ஜனவரி முதல் தேதி 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை விதித்தபோது அது முதலில் தொட்டது நமது கல்லாவைத்தான். பையை நிறுத்தினோம், நிறுத்தாதவர்கள் அபராதம் கட்டினார்கள். நம்மிடம் கட்டுப்பாட்டை எதிர்பார்க்கும் நிர்வாகம் தன் வாக்கையும் காக்க வேண்டாமா? (கிழிந்த சாக்கையும் சணலையும் கால்வாயில் தள்ளும் சில அன்பர்களும் இதைப் படிக்க வேண்டுகிறோம்.)

வரி ஏறுமே என்று சிலர் தயங்குகிறார்கள். ஒரு வெள்ளத்தில் போகும் சரக்கோடு வரியை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மார்க்கெட் கழிவையும் கவனிக்க வேண்டும். அழுகிய காய்கறி குப்பைமேட்டில் காற்றுப்படாமல் புதைந்தால் மீத்தேன் வாயு கிளம்பும். அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது. பிரித்துக் கொடுப்பது நம் வேலை. பிரித்ததைக் கலக்காமல் எடுத்துச் சென்று உரமாக்குவது மாநகராட்சியின் வேலை.

உங்கள் வார்டில் பகுதி சபை கூடும் நாளில் கடைக்கு ஒருவராவது செல்லுங்கள். ஐப்பசிக்கு முன் எந்தெந்த வடிகால் தூர்வாரப்படும், அதற்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.