ஒன்பது மாதக் குழந்தைக்குத் தொலைக்காட்சி தமிழ் சொல்லித் தருமா?

வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம்தான் புழங்குகிறது. பிள்ளைக்குத் தமிழ் வரவேண்டுமே என்ற கவலையில், தவழும் வயதிலேயே தமிழ்ப் பாட்டுக் காணொளிகளைப் போட்டுவிடும் பெற்றோர் நம்மிடையே உண்டு. எண்ணம் நல்லதுதான். ஆனால், திரையிலிருந்து ஒரு மொழியைப் பிடித்துக்கொள்ளக் கைக்குழந்தையால் முடியுமா?

எல்லா மொழிக்கும் திறந்த காது

பெற்றோரின் கவலையில் நியாயம் இருக்கிறது. கனடா ஆய்வாளர்கள் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீசும் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் குடும்பங்களின் குழந்தைகளுக்கு இந்தியின் இரண்டு ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். ஒன்று, நாக்கு பல்லைத் தொட்டுப் பிறப்பது. மற்றது, நாக்கை மடித்து எழுப்புவது. நம் ‘த’, ‘ட’ போன்றவை அவை. 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேறுபாட்டைக் கண்டுகொண்டனர். 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் மிகச் சிலராலேயே அது முடிந்தது. காதில் விழாத மொழியின் ஒலிகளை மூளை முதல் ஆண்டிலேயே ஒதுக்கத் தொடங்கிவிடுகிறது.

அப்படியானால் அந்த ஒலிகளைத் தொலைக்காட்சி வழியாகக் கொடுத்தால் என்ன?

சியாட்டிலில் ஒரு சோதனை

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பெட்ரீசியா கூல் குழுவினர் இதைத்தான் சோதித்தனர். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகள் அவர்கள். ஒரு பிரிவினருடன் மாண்டரின் பேசுவோர் தரையில் அமர்ந்து, புத்தகம் படித்து, பொம்மை காட்டி விளையாடினார்கள். ஒவ்வொரு முறையும் சுமார் 25 நிமிடம். மொத்தம் 12 முறை. இன்னொரு பிரிவு அதே ஆட்களை, அதே பேச்சைத் திரையில் பார்த்தது. மற்றொரு பிரிவுக்கு ஒலி மட்டும்.

2003இல் வெளியான முடிவு வியப்பைத் தந்தது. நேரில் பழகிய குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைத் தைவான் குழந்தைகளுக்கு இணையாகப் பிரித்தறிந்தனர். திரையில் பார்த்தவர்களும் ஒலியை மட்டும் கேட்டவர்களும், மாண்டரினையே கேட்டிராத குழந்தைகளின் நிலையில்தான் இருந்தனர்.

ஏன் இந்த வேறுபாடு?

குழந்தை பந்தைப் பார்க்கிறது. பாட்டி அதன் பார்வையைப் பின்தொடர்ந்து, “பந்து வேணுமா கண்ணு?” என்கிறார். பொருளும் சொல்லும் ஒரே நொடியில் சேர்கின்றன. குழந்தை மழலையில் ஏதோ சொன்னால், பாட்டி பதில் சொல்கிறார். திரையில் வருபவரோ குழந்தை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் “பந்து” என்றே சொல்வார். காத்திருக்கவும் மாட்டார்.

படத்தில் கண்டதை நிஜ உலகோடு பொருத்துவதும் சிறு வயதில் கடினம். அடுத்த அறையில் ஒரு பொம்மையை ஒளித்துவைப்பதைச் சன்னல் வழியாகப் பார்த்த இரண்டு வயதுப் பிள்ளைகள் அதை எளிதில் கண்டெடுத்தனர். அதே காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த அதே வயதினர் பெரும்பாலும் திணறினர்.

பெற்றோரின் கண்ணும் ஏமாறும். சொற்களைக் கற்றுத்தரும் குறுவட்டு ஒன்றை 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு நான்கு வாரம் போட்டுக் காட்டி ஜூடி டிலோஷ் குழுவினர் ஆராய்ந்தனர். 2010இல் வெளியான அந்த ஆய்வின்படி, அதைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களைவிடக் கூடுதலாக எதையும் கற்கவில்லை. திரையே இல்லாமல் பெற்றோரிடம் அதே சொற்களைக் கேட்டவர்களே அதிகம் கற்றனர். ஆனால், குறுவட்டை விரும்பிய பெற்றோர், பிள்ளை நிறையக் கற்றுவிட்டதாகவே நம்பினர்.

எப்போது உதவும்?

தொலைக்காட்சியே கூடாது என்பதில்லை. 1969இல் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ போன்ற நல்ல நிகழ்ச்சிகளால் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் எழுத்தும் எண்ணும் கற்றிருக்கிறார்கள். திருச்சியில் இருக்கும் பாட்டியுடன் காணொளி அழைப்பில் பேசுவதும் வேறு கணக்கு. பாட்டி பதில் சொல்கிறார் அல்லவா? 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வயது கடந்த பிள்ளைகள் நேரடிக் காணொளி அழைப்பில் புதிய சொற்களைக் கற்றனர். பதிவுசெய்த காணொளியில் கற்கவில்லை.

சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2025இல் வெளியிட்ட வழிகாட்டியும் 18 மாதத்துக்கு உட்பட்டோருக்குத் திரையே வேண்டாம் என்கிறது. அதன் பிறகு ஆறு வயது வரை, பள்ளிக்கு வெளியே நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். யாரும் பார்க்காமல் பின்னணியில் ஓடுவதும் கூடாது. அப்போது பெற்றோர் பேசுவது குறைகிறது, பிள்ளையின் விளையாட்டும் அடிக்கடி தடைபடுகிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன.

வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோருக்கு இது கூடுதல் சுமையாகத் தோன்றலாம். தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. குளிப்பாட்டும்போது “தண்ணி சுடுதா?” என்று கேளுங்கள். சோறூட்டும்போது தட்டில் உள்ளதன் பெயரைச் சொல்லுங்கள். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது மாடிகளைத் தமிழில் எண்ணுங்கள். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். பிறகு சில நொடி பொறுத்திருங்கள். அது ‘ஆ’ என்றாலும் அதற்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் தமிழ் தட்டுத் தடுமாறினாலும் பரவாயில்லை.