கம்மாக்கரையில் கூடும் பிள்ளைகள்

“பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலைன்னா பிள்ளை யாரோட விளையாடும்?”

வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும் பெற்றோர் எல்லோரும் கேட்டுப் பழகிய கேள்வி இது. என் மாமியார் கேட்டார். கீழ்வீட்டு அக்கா கேட்டார். திருநகர் பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒருவரும் கேட்டார். மூன்று பேரும் கேட்டது நியாயம்தான். கணக்கையும் தமிழையும் வீட்டில் சொல்லிக்கொடுத்துவிடலாம். சண்டை போட்டுச் சேர்ந்துகொள்ளக் கூட்டாளிகள், அம்மா அப்பா அல்லாத ஒரு பெரியவரின் கண்டிப்பு, தன்னைவிடச் சின்னப் பிள்ளையைக் கைப்பிடித்து நடத்தும் பொறுப்பு, இதெல்லாம் ஒரு வீட்டுக்குள் கிடைக்காது. வீட்டுக்கல்விக்குப் பாடப்புத்தகத்தைவிட முக்கியமாகத் தேவைப்படுவது நாலு குடும்பம்.

எங்களுக்கு அந்தக் குடும்பங்கள் கிடைத்தது மலையடிவாரங்களிலும் கண்மாய்க் கரைகளிலும்தான். மதுரையில் நாகமலைப் புதுக்கோட்டை, ஒத்தக்கடை, அனுப்பானடி என்று ஆளுக்கொரு மூலையிலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் கூடுகிறோம். ஒரு வீட்டில் அப்பா எலக்ட்ரீசியன், இன்னொரு வீட்டில் அம்மா நர்ஸ். என் கணவர் காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். தெரிந்ததை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தருகிறோம். தெரியாததை ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பிள்ளைகளோடு நாங்களும் கற்றுக்கொள்கிறோம்.

இது புதிய யோசனை அல்ல. 1910இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தபோது, அங்கிருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் காந்தியும் அவர் நண்பர் காலன்பாக்கும் பாடம் நடத்தினார்கள். தோட்ட வேலை, செருப்புத் தைப்பது, எழுத்து எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் படிப்பு. தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே இருந்ததால், தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழை வைத்துக் காந்தியே தமிழும் சொல்லிக்கொடுத்தார்.

பசுமை நடை காட்டிய வழி

பிள்ளைகளோடு மலைக்குப் போகலாம் என்ற தைரியத்தை எங்களுக்குத் தந்தது பசுமை நடை. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்தை எதிர்த்து மக்கள் குரல் எழுப்பிய 2010ஆம் ஆண்டில், எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனும் நண்பர்களும் தொடங்கிய இயக்கம் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பம் குடும்பமாக மக்கள் ஒரு மலைக்குப் போவார்கள். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் கல்வெட்டின் முன்னால் நின்று விளக்குவார்கள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து காலைச் சாப்பாடு.

அந்த நடைகளில் நான் கவனித்தது பிள்ளைகளைத்தான். ஏழு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பெரியவரும் ஒரே பாறையைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். வயதுவாரியாகப் பிரிக்காத ஒரு வகுப்பு நம் ஊரிலேயே நடக்கிறது, அதற்குக் கட்டணமும் இல்லை என்பது அங்கேதான் புரிந்தது.

பாறையே பலகை

எழுத்து எப்படி மாறிவந்தது என்பதை நடந்தே படிக்க மதுரையைப் போல் வசதியான ஊர் குறைவு. மாங்குளம் மீனாட்சிபுரத்து மலையில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழ்பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கும் பழையது. 1882இல் ராபர்ட் சுவெல் அங்கே எழுத்துகள் இருப்பதைக் கண்டார். யானைமலை நரசிங்கம் குடைவரையில் கி.பி. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டு உண்டு. அமைச்சர் மாறன்காரி தொடங்கிய கோயிலை அவர் தம்பி மாறன் எயினன் முடித்த கதையை அது சொல்கிறது. கீழக்குயில்குடி சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து.

எங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு நோட்டில் எழுத்து அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். பாறையைத் தொடக் கூடாது, சாக்பீஸ் கொண்டு கோடு போடக் கூடாது என்பது முதல் விதி. காற்றில் விரலால் எழுதிப் பார்ப்பார்கள். பழைய கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை என்பதால், ‘க’வா ‘க்’கா என்று பக்கத்து எழுத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வாதத்தை என் மகளும் ஒத்தக்கடைப் பையனும் அரைமணி நேரம் நடத்துவார்கள். சின்னவன் நடுவில் புகுந்து கேட்பான், மகள் அவனுக்கு விளக்குவாள். விளக்கும்போதுதான் அவளுக்கே நன்றாகப் புரிகிறது.

சமணர் மலைக் கல்வெட்டுகளில் இன்ன ஆசிரியரின் மாணாக்கர் இன்னார் என்று பெயர்கள் வரும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த மலையைச் சேர்ந்த துறவிகள் கற்றவர்கள், கற்பித்தவர்கள். அதே இடத்தில் எங்கள் பிள்ளைகள் நோட்டைத் திறக்கும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும். அப்போது கீழடிக்குப் போவோம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில், மலையில் பார்த்த அதே எழுத்துகளைப் பானை ஓட்டில் பார்க்கலாம். ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று சொந்தப் பெயர்கள். தன் பெயரைப் பாத்திரத்தில் வெட்டிவைக்கும் பழக்கம் எவர்சில்வர் காலத்தில் வந்ததல்ல என்று பிள்ளைகள் தாமே கண்டுபிடித்தார்கள்.

தண்ணீர்க் கணக்கு

மலைக்கு அடுத்து எங்கள் வகுப்பறை கம்மா. வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, மடை எத்தனை, மறுகால் பாய்ந்தால் தண்ணீர் எந்தக் கம்மாய்க்குப் போகும் என்று பிள்ளைகள் நடந்து நடந்து படம் வரைகிறார்கள். கரையைக் காலடியால் அளந்து, தண்ணீரின் ஆழத்தை ஊர்க்காரரிடம் கேட்டு, கொள்ளளவைத் தோராயமாகப் போடுகிறார்கள். பரப்பளவும் கன அளவும் என் மகனுக்கு அங்கேதான் பிடிபட்டன.

ஒரு கம்மாயில் நீர்பாய்ச்சியாக இருந்த தாத்தா ஒருவர் பிள்ளைகளை மடைமேல் உட்காரவைத்துச் சொன்னார்: “கம்மாத் தண்ணி ஒருத்தனுக்குச் சொந்தமில்லத்தா. மேவயக்காரன் நேரத்துல மடைய அடைச்சாத்தேன் கீவயக்காரன் வீட்ல சோறு.” குடிமையியலுக்கு இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

பறவைகளுக்குச் சாமநத்தம் கம்மா. நத்தைகுத்தி நாரை, முக்குளிப்பான், தாழைக்கோழி, நீர்க்காகம் எல்லாவற்றையும் பெயர் சொல்லி எண்ணுகிறார்கள். 2015இலிருந்து தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் குழந்தைகளும் கலந்துகொள்ளலாம். தான் எண்ணிய எண்ணிக்கை ஒரு பொதுக் கணக்கில் சேர்கிறது என்று தெரிந்தால், பிள்ளை தப்பாக எண்ண அஞ்சும். அந்தக் கவனத்தைப் பரீட்சையால் வரவைக்க முடியாது.

படித்த இடத்தைக் காப்பது

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. லகர் வல்லூறு உள்ளிட்ட சுமார் 250 வகைப் பறவைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்த மலைகளையும் சேர்த்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. மேலூர் வட்டாரமே திரண்டது. 2025 ஜனவரி 7இல் விவசாயிகள் மதுரைக்கு நடந்தும் வண்டிகளிலும் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்த மாதங்களில் எங்கள் பிள்ளைகள் செய்தித்தாளை வரிவிடாமல் படித்தார்கள். அவர்கள் கஞ்சி குடித்த சுனையடியும், எழுத்துப் படித்த குகையும் அந்தச் செய்தியில் இருந்தன. ஓர் இடத்தை அறிந்த பிள்ளைக்குத்தான் அது போய்விடுமோ என்ற பதைப்பு வரும். கூடிப் படிப்பதன் பெரிய பயன் இதுவென்றே நான் நம்புகிறேன்.

சட்டமும் சான்றிதழும்

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது அதன் 10ஆம் பிரிவு. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சட்டம் சொல்லவில்லை. வீட்டுக்கல்வியை முறைப்படுத்தும் தனிச்சட்டமும் இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்துவிட்ட சட்டம் என்பதால் அதை நான் மதிக்கிறேன். வீட்டில் படிக்கவைப்பவர்கள் அதைவிடக் குறைந்த கல்வியைப் பிள்ளைக்குத் தரக் கூடாது.

சான்றிதழுக்கு வழிகள் உண்டு. பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்கும், 15 வயது நிறைந்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கும் சேரலாம்.

நீங்களும் தொடங்கலாம்

இடமும் நாளும் மாறக் கூடாது. மூன்று குடும்பம் போதும். வாரம் ஒரு வீடு பொறுப்பு: போகும் வழி, தண்ணீர், முதலுதவிப் பெட்டி, பிள்ளைகளின் தலை எண்ணிக்கை. சித்திரை, வைகாசியில் ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடியுங்கள். தேனடை தொங்கும் பாறைக்கடியில் சத்தம் போடவோ புகை போடவோ கூடாது. பெரியவர் ஒருவர் முன்னே போகாமல் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கக் கூடாது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சாவடியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் வந்த காரியத்தைச் சொல்லிவிடுங்கள். பாதிப் பாடம் அங்கேயே கிடைத்துவிடும்.

சாப்பாட்டைத் தனித்தனி டப்பாவில் வைத்துச் சாப்பிடாதீர்கள். எல்லா வீட்டுக் கட்டுச்சோற்றையும் ஒன்றாக வைத்துப் பரிமாறுங்கள். பெற்றோர்கள் ஒருவரையொருவர் அறிவது அந்த நேரத்தில்தான்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாட்களில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் எங்களோடு வருகிறார்கள். எந்தக் கொம்பில் எந்தக் குருவி கூடு கட்டும் என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது அவர்கள்தான், அந்தக் கரையில் அவர்களே மூத்த மாணவர்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை, அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்ற பேதம் இல்லாமல் ஊர்ப்பொதுவில் எல்லோரும் ஒன்றாகப் படிக்கலாம். உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு கம்மாயோ குன்றோ இருக்கும். இந்த வாரமே இன்னொரு குடும்பத்தை அழைத்துக்கொண்டு அங்கே போங்கள்.