ஐந்து ஏடுகளும் ஒரு பெயரும்

குற்றம் ஒன்று நிகழ்ந்தவிடத்து அதுபற்றிய செய்தி ஐந்து இடங்களிற் பதிவாகின்றது. காவல் நிலையம் முதல் தகவல் அறிக்கையை எழுதுகின்றது. தடய அறிவியற் கூடம் ஆய்வுரை தருகின்றது. அரசு வழக்கறிஞர் வழக்கை நடத்துகின்றார். நீதிமன்றம் ஆணை பிறப்பிக்கின்றது. சிறை அதனை நிறைவேற்றுகின்றது. இவ்வைந்தும் தனித்தனி ஏடு வைத்திருந்தமையால் விளைந்த இடர் சிறிதன்று. 2021 சூலையில் ஆக்ரா மத்தியச் சிறையிலிருந்த பதின்மூவர்க்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பிணை வழங்கியும், ஆணை சிறைக்கு வந்து சேராமையால் அவர்கள் விடுதலை தாழ்த்தது. அந்நீதிமன்றம் இதனைத் தானே முன்வந்து வழக்காக ஏற்றது. அதன் பயனாக, ஆணைகளை மின்வழியே அனுப்பும் 'ஃபாஸ்டர்' முறை 2022 மார்ச்சு 31இல் தொடங்கப்பெற்றது.

காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். திட்டம் 2009இல் ஒப்புதல் பெற்றது. அதனோடு ஏனை நான்கு துறைகளின் பதிவுகளையும் இணைப்பது ஐ.சி.ஜே.எஸ். ஆகும். அதன் இரண்டாங் கட்டத்திற்கு 3,375 கோடி ரூபாய்ச் செலவில் 2022இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. ஒரு செய்தியை ஒருமுறை பதிந்தால் ஏனையோர் மீண்டும் எழுதாது எடுத்தாளலாம் என்பதே இதன் கருத்து.

தமிழாய்வார் இதன்கண் நோக்கத்தக்கது பெயர்ப் பதிவாகும். வழக்கைத் தேட எண் உண்டு. ஆளைத் தேடுவார்க்கோ பெரும்பாலும் பெயரே வாயில். தமிழ்ப் பெயர் உரோமன் எழுத்தில் ஒரு வடிவில் நிற்பதில்லை. பழனி என்பதன் ழகரத்தை ஒருவர் 'எல்' என எழுத, மற்றொருவர் 'இசட் எச்' என எழுதுவர். கணேசன் என்பதன் முதலெழுத்து 'ஜி' ஆதலும் உண்டு, 'கே' ஆதலும் உண்டு. தந்தையின் பெயரைக் குறிக்கும் தலைப்பெழுத்து ஓரிடத்து முன்னும் பிறிதோரிடத்துப் பின்னும் வரும்; குடிப்பெயர் கேட்கும் படிவத்திலோ தந்தை பெயரே குடிப்பெயராகிவிடும். இவற்றால் ஒருவர் இருவராதலும், இருவர் ஒருவராதலும் கூடும். கைரேகை ஒப்பீடு இவ்விடரை ஓரளவு குறைக்கும். எனினும் சாட்சி கூறுவார்க்கும் முறையிடுவார்க்கும் அது பயன்படாது.

ஔவையார் ஒருவரோ பலரோ என யாம் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றோம். அவ்வாராய்ச்சி முடியாதொழியினும் அதனால் எவரும் சிறைப்படார். ஈண்டோ, பெயர்ப்பிழை ஒருவரது விடுதலையைத் தடுக்கும். பிறர் குற்றத்தை அவர்மேல் ஏற்றவுஞ் செய்யும். முன்னர் ஓர் ஏட்டளவில் நின்ற பிழை, இணைப்பு வந்தபின் ஐந்து ஏடுகளிலும் பரவும். ஏடுகள் அனைத்தும் ஒன்றுபோல் உரைத்தலின், அதனைப் பிழையென ஐயுறுவாரும் அரியராவர்.

ஆதலின், தமிழர் பெயரை முதற்கண் தமிழெழுத்திலேயே பதிதல் வேண்டும். தலைப்பெழுத்தின் விரிவைத் தனியே குறித்தல் வேண்டும். பெயரொப்புமை ஒன்றே கொண்டு ஒருவரை இன்னாரெனத் துணிதல் கூடாது. இம்மூன்றும் துறையினர் கடன். பெயர்களை உரோமன் எழுத்தில் பெயர்த்தெழுத ஒரு நெறி வகுத்துத் தருதல் தமிழ்த்துறைகளாகிய நம் கடன்.