தரையில் ஒரு சொட்டும் இல்லை. காரின் கூலன்ட் எங்கே போகிறது?

கூலன்ட் அளவு வாராவாரம் இறங்குகிறது, வண்டி நின்ற இடமோ காய்ந்து கிடக்கிறது. ஆவியாகியிருக்கும் என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் கூலன்ட் ஓடுவது மூடிய அமைப்பில். ஒழுகாமல் இவ்வளவு குறையாது. கசிவு இருக்கிறது, நீங்கள் குனிந்து பார்க்கும் நேரத்தில் அது கசிவதில்லை, அவ்வளவுதான். பிரஷர் குக்கரை நினைத்துப் பாருங்கள்: கேஸ்கெட் தேய்ந்திருந்தாலும் அடுப்பில் ஏற்றும்வரை அது நல்ல குக்கர்தான். ரேடியேட்டர் மூடியும் சுமார் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தை, அதாவது டயரில் இருப்பதில் ஏறக்குறைய பாதியை, உள்ளே பிடித்துவைக்கிறது. அதனால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிப்பதில்லை. அந்த அழுத்தத்தில்தான் மயிரிழை விரிசல் வாய்திறக்கும். சொட்டியது சூடான இன்ஜின்மேல் பட்டு ஆவியாகிவிட, மிஞ்சுவது வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு படிவு. வாட்டர் பம்ப், ஹோஸ் மூட்டுகளில் முதலில் அதைத் தேடுங்கள்.

ஆகவே மெக்கானிக், இன்ஜின் ஆறியபின், மூடி இருந்த இடத்தில் கைப்பம்பை மாட்டி அதே அழுத்தத்தை ஏற்றி, அதன் அழுத்தமானி முள்ளைக் கவனிக்கிறார். முள் இறங்கியும் வெளியே ஈரமில்லையா? முன் இருக்கைத் தரைவிரிப்பு நனைந்து இனிப்பு வாடை வந்தால் ஹீட்டர் கோர். இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் ஓயாத வெண்புகை என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். முள் அசையவே இல்லை என்றால் கசிவே இல்லை என்று சொல்லலாமா? முடியாது. சில விரிசல்கள் உலோகம் சூட்டில் விரிந்தால்தான் திறக்கும். தவிர, சோதனைக்காகக் கழற்றி வைத்த மூடியே அழுத்தம் தாங்காமல் ஆவியை வெளியே விட்டுக்கொண்டிருக்கலாம். அதைத் தனியே சோதிக்க வேண்டும். மலிவான பாகம் என்பதாலோ என்னவோ, பலர் அதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். (இன்ஜின் சூடாக இருக்கும்போது அதைத் திறந்துவிடாதீர்கள்.)