பிப்ரவரி 22 ஏன் பூனைகள் தினம்? ஜப்பானின் ஜாலி காலண்டர்!

பிப்ரவரி 22 அன்று ஜப்பான்காரர்களின் சோஷியல் மீடியா பக்கம் போய்ப் பாருங்க. எங்கே திரும்பினாலும் பூனை போட்டோதான்! அன்னிக்கு அங்கே பூனைகள் தினம். 1987-லிருந்து கொண்டாடுறாங்க.

ஏன் அந்தத் தேதி? ஜப்பானிய மொழியில் 2-ஐ 'நி' என்று சொல்வாங்க. நம்ம ஊர்ப் பூனை 'மியாவ்'னு கத்தினா, அவங்க ஊர்ப் பூனை 'நியான்'னு கத்தும். மாதம் 2, தேதி 22... மூணு 'நி' சேர்ந்தா 'நியான் நியான் நியான்'. அவ்ளோதான் லாஜிக்!

இந்த விளையாட்டுக்குப் பேரு 'கோரோஅவாசே'. ஜப்பானிய மொழியில் ஒரே எண்ணைப் பல விதமா உச்சரிக்கலாம். 4-ஐ 'யோ' என்றும் சொல்லலாம், 'ஷி' என்றும் சொல்லலாம். அதனால எண்களை வரிசையா அடுக்கினாலே வார்த்தை கிடைச்சிடும். 29 என்றால் 'நி-கு', அதாவது இறைச்சி. அதான் மாசாமாசம் 29-ம் தேதி கறிக் கடைகளில் ஆஃபர் போடுறாங்க. ஆகஸ்ட் 31, அதாவது 8-3-1 'யா-சா-இ'. அது காய்கறி தினம்!

1990-களில் பேஜரில் எண்களை மட்டுமே அனுப்ப முடிஞ்ச காலத்தில், ஸ்கூல் பொண்ணுங்க இதையே ரகசிய மொழியா ஆக்கிட்டாங்க. 0840 என்று அனுப்பினா 'ஒஹாயோ', அதாவது குட்மார்னிங். நம்ம ஊர் 143 ஞாபகம் வருதா? அதுல எழுத்தை எண்ணணும். இதுல சத்தத்தைக் கேட்கணும்.

இதெல்லாம் வெறும் விளையாட்டுதானான்னு கேட்டா, இல்லை. நவம்பர் 22-ஐ எடுத்துக்கோங்க. 11-ஐ 'ஈ' என்றும், 22-ஐ 'ஃபூஃபூ' என்றும் படிப்பாங்க. அர்த்தம், 'நல்ல தம்பதி'. அங்கே உள்ளாட்சி அலுவலகத்தில் படிவம் கொடுத்தாலே சட்டப்படி கல்யாணம் முடிஞ்சது. அதனால அன்னிக்குப் பல ஜோடிகள் படிவத்தோட கிளம்பிடுறாங்க. அந்த எண் விளையாட்டு, அவங்களுக்கு வாழ்நாள் முழுக்கக் கல்யாண நாள் ஆகிடுது.

எண்கள் பயமுறுத்தவும் செய்யும். 4-ன் 'ஷி' உச்சரிப்புக்கு மரணம் என்றும் அர்த்தம் இருப்பதால், அங்கே பல மருத்துவமனைகளில் 4-ம் எண் அறையே கிடையாது.

தேதியை எழுதும் வரிசையும் முக்கியம். ஜப்பானில் மாதம்தான் முதலில் வரும். அமெரிக்காவிலும் அப்படித்தான். அதனாலதான் 1988-ல் லாரி ஷா என்ற இயற்பியலாளர், சான் ஃபிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம் மியூசியத்தில் மார்ச் 14-ஐ 'பை' தினமாகக் கொண்டாட ஆரம்பிச்சார். 3.14! தேதியை முதலில் எழுதுற நமக்கு அது செட் ஆகாது. ஆனா ஸ்கூலில் படிச்ச 22/7 இருக்கே... அது நமக்கு ஜூலை 22!

இந்த மாதிரி நாள்களில் கடைக்காரங்களுக்கும் கொண்டாட்டம்தான். அதுக்காக கிஃப்ட் வாங்கித் தரலையேன்னு யார்கிட்டயும் சண்டை போடாதீங்க. ரொம்ப நாளா பேசாத ஃபிரெண்டுக்கு ஒரு மெசேஜ் தட்ட ஒரு சாக்கு கிடைச்சா போதாதா? உங்க கேங்குக்குன்னு ஒரு தேதியை நீங்களே கண்டுபிடிச்சு, இப்பவே மொபைலில் ரிமைண்டர் போட்டு வைங்க!